மூன்று பாஷையில் ‘ஒண்ணும் ஆகாது’

1

போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து கோயிலை விட்டு வெளியே வந்தபோது, ஊரிலிருந்து புதிதாக வந்திருக்கும் ஒரு வாத்தியாரை என்னிடம் அழைத்து வந்தார்கள். மத்தூர்ப் பக்கத்துப் பிள்ளை. இங்கே ஈப்போவில் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் வேலைக்கு வந்திருக்கிறார். நம் பக்கத்துப் பேச்சைக் கேட்க எனக்கு அவ்வளவு ஆசை. “நாங்களும் கிருஷ்ணகிரிதான் தம்பி. எங்க வூட்டுக்காரரோட அண்ணன் ஓசூர்ல இருக்கிறாரு” என்றேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது.

“அட, நீங்கதானா அது! கல்யாண வண்டிய நகர உடாம பண்ணின மலாயாக்காரம்மா!”

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. கேள்விப்பட்ட ஒரு பெரிய மனுஷியை நேரில் பார்த்துவிட்ட சந்தோஷத்தில் சொன்னார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். என் மகள் ஸ்டெல்லா சிரித்தாள். என் கணவர் சாலமோன் கையிலிருந்த தொப்பியின் உள்பக்கத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஊரிலிருந்து கப்பலேறி வருகிற மனிதனுக்கு வாந்தி வருகிறது. சாமான் நனைகிறது. ஊறுகாய் ஜாடி உடைகிறது. வம்புக்கு மட்டும் ஒரு சேதமும் இல்லை. ஓசூரில் புறப்பட்டது அப்படியே முழுசாக ஈப்போ வந்து இறங்கியிருக்கிறது. அதனால் நடந்ததை நானே எழுதிவிடுகிறேன்.

2

நான் இங்கே ஒரு ரப்பர்த் தோட்டத்து ஆஸ்பத்திரியில் நர்ஸ். சாலமோன் அதே ஆஸ்பத்திரியின் ஆம்புலன்ஸ் டிரைவர். ஜப்பான்காரன் காலத்தில் அவரைச் சயாம் ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனபோது ஆம்புலன்ஸை ஓட்ட ஆள் இல்லை. நான் ஓட்டினேன். பழுது பார்க்கவும் ஆள் இல்லை. அதையும் நானே கற்றுக்கொண்டேன். அவர் எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்து மறுபடி ஸ்டியரிங்கைப் பிடித்த பிறகும், திங்கட்கிழமை காலையில் வார்டுக்குப் போகுமுன் வண்டியைச் சுற்றி வந்து குனிந்து பார்க்கிற பழக்கம் என்னை விடவில்லை. டயர், எண்ணெய், தண்ணீர், பிரேக். இன்றைக்கும் செய்கிறேன். புதிதாக வந்திருக்கும் டாக்டர் அதைப் பார்த்து, “மிஸஸ் சாலமோன், நோயாளி உள்ளே இருக்கிறார்” என்று கிண்டல் செய்கிறார். செய்யட்டும்.

யுத்தம் முடிந்த பிறகு ஒரு மழைநாளில் தோட்டத்து லாரி ஒன்று மேட்டிலிருந்து இறங்கும்போது பிரேக் பிடிக்காமல் பாலத்தை உடைத்துக்கொண்டு போய் விழுந்தது. பின்னால் இருந்தவர்கள் எல்லோரும் ரப்பர்ப் பால் வெட்டப் போன பெண்கள். அவர்கள் முகங்களைக் கழுவித் துடைத்து வரிசையாகப் படுக்க வைத்தவள் நான். அந்த லாரிக்கு அப்போதுதான் புதுப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். மறுநாள் வெயிலில் பளபளவென்று கிடந்தது.

இது என் கணவருக்கும் தெரியும். இதைத் தெரிந்துகொண்டே அவர் அந்தக் கல்யாண வண்டியை வாங்கினார் என்பதுதான் எனக்கு ஆத்திரம்.

மலாயாவுக்குச் சுதந்திரம் கிடைத்த மறு வருஷம் எங்களுக்கு நீண்ட விடுமுறை கிடைத்தது. ஊருக்கு வந்தோம். என் மைத்துனர் தேவசகாயம் ஓசூரில் சர்க்கார் குமாஸ்தா. அவர் மகள் கிரேஸுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. வீடு நிறைய ஆட்கள். எங்களைப் பார்த்ததும், “வாங்க வாங்க” என்றார்கள். படுக்க இடம் எங்கே என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. கடைசியில் நெல் மூட்டைக்கும் சைக்கிளுக்கும் நடுவில் எங்கள் மூன்று பேருக்கும் பாய் விரித்தார்கள்.

ஸ்டெல்லாவுக்கு அப்போது பன்னிரண்டு வயது. இங்கேயே பிறந்து வளர்ந்தவள். அவளுக்கு வெட்கமாகவோ சங்கடமாகவோ இருந்தால் மலாய்க்காரப் பிள்ளைகளைப் போல “மாலு, மாலு” என்று முனகுவாள். மாலு என்றால் அந்தப் பாஷையில் வெட்கம். அந்த வீட்டில் அவள் அதைச் சொல்லாத வேளை இல்லை. என் ஓரகத்தி ஒருநாள் என்னைத் தனியே அழைத்து, “யாரு அந்த மாலு? கூடப் படிக்கிற புள்ளயா? அவள நெனச்சு ஏங்குதே” என்று பரிதாபப்பட்டாள்.

இந்தச் சமயத்தில்தான் சாலமோன் பெங்களூர் போய்விட்டு வந்து, “ஒரு வீடு வாங்கிட்டேன்” என்றார். தெருவில் போய்ப் பார்த்தால் வீட்டுக்குச் சக்கரம் இருந்தது.

3

யுத்த காலத்து ராணுவ ஆம்புலன்ஸ் அது. சீமைக்குத் திரும்பிப் போகிற ஒரு தோட்டத்துரை அதற்கு மரத்தால் உடம்பு கட்டி, குடும்பத்தோடு பிரயாணம் போக வைத்திருந்தாராம். உள்ளே இரண்டு படுக்கை, ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, ஜன்னலுக்குப் பூப்போட்ட திரை. வெளியே பச்சைப் பெயிண்ட், ஈரம் காயாத மாதிரி மின்னியது. சாலமோன் ஸ்டியரிங்கைத் தடவிக் கொடுத்த தினுசைப் பார்த்தால் வண்டி வாங்கியவர் மாதிரி இல்லை. பெண் பார்த்துவிட்டு வந்தவர் மாதிரி இருந்தது.

“எத்தன வருஷமா ஓடாம நின்னுச்சு?” என்று கேட்டேன்.

“அவ்வளவா ஓடல. அதனாலதான் தேயாம புதுசா இருக்குது.”

பாருங்கள் நியாயத்தை! நின்ற வண்டிதான் மோசம். ஓடினால் இரும்பு தேயும். நின்றால் ரப்பர் கெடும். ரப்பர்த் தோட்டத்தில் ஆயுசைக் கழிக்கிறவளுக்கு ரப்பரைப் பற்றி யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பழைய வண்டி கைக்கு வந்தால் முதல் வேலை, ஓட்டுவது அல்ல. கீழே படுத்துப் பார்ப்பது.

அதற்கு யார் விட்டார்கள்? முதலில் ஆபீஸ். வண்டி மைசூர் ராஜ்யத்தில் பதிவானது. சாலமோன் கொண்டு வந்தது சென்னை ராஜ்யத்துக்கு. எல்லைச் சாவடியில் நிறுத்தி, இது பஸ்ஸா லாரியா என்று கேட்டார்களாம். இரண்டும் இல்லை என்றதும் சேலத்துக்குப் போகச் சொன்னார்களாம். வண்டியை ஓசூரிலேயே விட்டுவிட்டு பஸ்ஸில் போனோம். சேலத்தில் பதிவு ஆபீஸில் ஒரு அதிகாரி பேனாவை மூடிக் கீழே வைத்துவிட்டு என்னையே நியாயம் கேட்டார்.

“வீடுன்னு எழுதினா சக்கரம் எதுக்குன்னு மேல கேப்பாங்க. வண்டின்னு எழுதினா அடுப்பு எதுக்குன்னு கேப்பாங்க. நீங்களே சொல்லுங்கம்மா, நான் என்னன்னு எழுதறது?”

இப்படி அலைந்து அலைந்து, கடைசியில் முன்னுதாரணம் ஒன்று கிடைத்தது. எப்போதோ ஒரு சர்க்கஸ் கம்பெனி இந்த மாதிரி ஒரு வண்டியைப் பதிவு செய்திருந்ததாம். எங்கள் வண்டியையும் சர்க்கஸ் வண்டி என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். சாலமோனுக்கு அவமானம். எனக்கு அதுகூடப் பெரிதில்லை. உயரம் கேட்டார்கள், நீளம் கேட்டார்கள், அப்பா பெயர் கேட்டார்கள், அடுப்புக்குத் திரி எத்தனை என்று கேட்டார்கள். இத்தனை மேஜையில் ஒருவராவது, ‘இது நிற்குமா?’ என்று கேட்க வேண்டாமா?

4

ஓசூரில் எல்லோருக்கும் வண்டி பிடித்துவிட்டது. குறிப்பாக என் மைத்துனருக்கு. கல்யாணம் மாப்பிள்ளையின் ஊரான கிருஷ்ணகிரிக் கோயிலில். பெண் வீட்டார் காலையில் ஓசூரிலிருந்து புறப்பட்டுப் போக வேண்டும். போகிற வழியில் சூளகிரி தாண்டினால் மேலுமலை இறக்கம். அந்தப் பக்கத்துக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மலையைச் சுற்றிச் சுற்றி இறங்குகிற பாதை. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம்.

“பஸ்ஸுல போறதா இருந்தம். இனிமே என்னாத்துக்கு? மலாயாத் தம்பி வண்டி இருக்குது. பொண்ணு, பொண்ணுக்கு வேண்டியவங்க, புள்ளைங்க எல்லாம் அதுல ஏறிக்கலாம்” என்றார் மைத்துனர். சாலமோன் அந்தப் பேச்சிலேயே நாலு விரற்கடை வளர்ந்துவிட்டார். ஊரை விட்டுப் போய் இத்தனை வருஷம் கழித்து அண்ணன் அவரைச் சபையில் வைத்துப் பேசியது அதுதான் முதல் தடவை. எனக்கும் அது புரியாமல் இல்லை.

நான் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒர்க்ஷாப் வைத்திருந்த நாகப்பா மேஸ்திரியிடம் வண்டியை விடச் சொன்னேன். செய்ய வேண்டியதையும் சொன்னேன். பிரேக் எண்ணெயை முழுக்க வடித்து மாற்ற வேண்டும். அந்த எண்ணெய் சக்கரத்துக்குப் போகிற ரப்பர்க் குழாய்களை, ஓஸ் என்பார்கள், மாற்ற வேண்டும். சக்கரங்களைக் கழற்றி கிரீஸ் வைக்க வேண்டும். பின் டயர் இரண்டும் பக்கத்தில் வெடிப்பு விட்டிருக்கிறது, மாற்ற வேண்டும்.

நான் பேசப் பேச மேஸ்திரி சாலமோனைப் பார்த்துத் தலையாட்டினார். ஏதோ என் வாயிலிருந்து வருவது அவருடைய குரல் என்பது போல. எல்லாம் கேட்டுவிட்டு அவரிடமே சொன்னார்: “அம்மாவருக்கு ஏன் இந்தக் கவலை எல்லாம்? என்ஜின் சௌண்டு கேட்டீங்களா, ராஜா மாதிரி! ஓஸ் பெங்களூர்லதான் சிக்கும். கல்யாணம் முடிச்சுக்கினு வாங்க, பாக்கலாம். ஏனூ ஆகல்ல.”

ஏனூ ஆகல்ல என்றால் கன்னடத்தில், ஒன்றும் ஆகாது.

வண்டியின் பக்கவாட்டில் இரண்டு புறாக்களும் மணமக்கள் பெயரும் எழுத ஒரு பெயிண்டரைப் பிடித்து வந்தார்கள். அவருக்குத் தெலுங்கு. நான் சக்கரத்துக்குப் பின்னால் குனிந்து பார்ப்பதைக் கண்டு, தூரிகையும் கையுமாக, “ஏமீ காதம்மா, ஏமீ காது” என்று ஆறுதல் சொன்னார். அதுவும் அதேதான். புறாவுக்குச் சிறகு வரைய ஆள் கிடைத்தது. பிரேக்குக்கு ஓஸ் வாங்கி வர ஒரு ஆளைப் பெங்களூர் பஸ்ஸில் ஏற்ற யாருக்கும் தோன்றவில்லை.

கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே நான் வண்டிக்குள் ஏறி பிரேக் பெடலை மிதித்துக் காலை எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன். பெடல் நின்ற இடத்தில் நிற்கவில்லை. மெதுவாக, சொகுசாக, கீழே போய்க்கொண்டே இருந்தது. இறங்கி ஒரு கோணியை விரித்துக் கீழே படுத்தேன். முன்சக்கரத்தின் உள்பக்கம் ஈரம். தொட்டு முகர்ந்தேன். பிரேக் எண்ணெய். மேலே ஓஸ் ஒரு இடத்தில் வீங்கி, பாம்பு எலியை விழுங்கின மாதிரி இருந்தது.

சேலையெல்லாம் மண்ணோடு போய் எல்லோர் முன்னாலும் சொன்னேன். மாவிடித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டுக் கேட்டார்கள்.

“பெங்களூர்லருந்து இதுலதான தம்பி வந்தான்? வந்துச்சு இல்ல?” என்றார் மைத்துனர்.

“அது சம ரோடு, மாமா. நாளைக்கு இறக்கம். அன்னைக்கு அவரு ஒருத்தரு. நாளைக்கு வண்டி நிறைய ஆளு.”

“நல்ல காரியத்துக்குப் போறப்ப இந்த மாதிரி வாய வெக்காதம்மா. பாதிரி ஐயர் வந்து ஜெபம் பண்ணப் போறாரு. கர்த்தர் காப்பாத்துவாரு. ஒண்ணும் ஆகாது.”

கர்த்தர் காப்பாற்றுவார் என்பதில் எனக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் அவர் வந்து ஓஸ் மாற்றிக் கொடுப்பார் என்று வேதாகமத்தில் எங்கும் எழுதியிருக்கவில்லை. நான் சாலமோனைப் பார்த்தேன். அவருக்கு வண்டி தெரியும். நான் சொல்வது என்னவென்று அந்த முற்றத்தில் புரிந்த ஒரே மனிதர் அவர். அவர் அண்ணனைப் பார்த்தார். பிறகு என்னிடம், “எண்ணெய் ஊத்திக்கினு மெதுவா கியர்ல எறக்கிடலாம்” என்றார்.

5

ஜப்பான்காரன் வருகிறான் என்றதும் மலாயாவில் கார் வைத்திருந்தவர்களுக்கெல்லாம் ஒரு யோசனை சொன்னார்கள். என்ஜினில் டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் சுழல்கிற சின்னத் துண்டு ஒன்று இருக்கிறது. ரோட்டார் என்பார்கள். அதை எடுத்துவிட்டால் எப்பேர்ப்பட்ட வண்டியும் கிளம்பாது. அதைக் கல்யாண நாள் விடிந்ததும் எடுத்து என் முந்தானையில் முடிந்துகொண்டேன்.

கிரேஸைப் பூமாலையும் வெள்ளை முக்காடுமாக அழைத்து வந்து வண்டியில் உட்கார வைத்தார்கள். பிள்ளைகள் படுக்கைகள் மேல் ஏறிக் குதித்தார்கள். சாலமோன் ஸ்டார்ட் செய்தார். உறுமியது, பிடிக்கவில்லை. மறுபடி. மறுபடி. மூடியைத் திறந்து பார்த்தவர், நிமிர்ந்து நேராக என்னைப் பார்த்தார்.

“எங்கிட்ட இருக்குது” என்றேன். “தர மாட்டேன். பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்குது. எல்லாரும் பஸ்ஸுல போங்க.”

அதன் பிறகு நான் கேட்டவற்றை எல்லாம் எழுத முடியாது. கடல் தாண்டிப் போனவளுக்குக் குடும்பம் எங்கே தெரியும் என்றார்கள். பாய் போட்டுப் படுக்க வைத்ததற்குப் பழி தீர்க்கிறாள் என்றார்கள். தன் மகளுக்கு இப்படி நடக்குமா என்று பொறாமை என்றார்கள். என் ஓரகத்தி முந்தானையை விரித்து, “ஒன்னக் கெஞ்சிக் கேக்கறேன், குடுத்துரும்மா” என்று அழுதாள். அதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை. மைத்துனர் தம்பியிடம், “பொண்டாட்டிய அடக்கத் தெரியாதவனெல்லாம் என்னா வண்டி ஓட்டறது?” என்றார்.

சாலமோன் எல்லோர் முன்னாலும் என்னிடம் சொன்னார்: “ஒனக்கு ஒண்ணும் தெரியாது. குடு.”

எனக்கு ஒன்றும் தெரியாதாம்! அவர் சயாமில் கிடந்த காலமெல்லாம் அவருடைய ஆம்புலன்ஸை உயிரோடு வைத்திருந்தவளுக்கு!

நான் கொடுக்கவில்லை. கிரேஸ் வண்டியிலிருந்து தானே இறங்கினாள். முக்காட்டைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள். ஸ்டெல்லா என்னைப் பார்த்து, “மாலு, அம்மா” என்று மட்டும் சொல்லிவிட்டு அவள் பின்னால் ஓடினாள்.

முதல் பஸ்ஸில் இடம் இல்லை. அடுத்ததில் நின்றுகொண்டு போனார்கள். நானும் அதே பஸ்ஸில் பின்னால் நின்றேன். பக்கத்தில் யாரும் நிற்கவில்லை. கிருஷ்ணகிரியில் நேரமாகியும் பெண்ணைக் காணாமல் மாப்பிள்ளையின் தாய்மாமன், “பொண்ணு வூட்டாருக்கு எங்களப் பாத்தா எளக்காரமா?” என்று எழுந்து போகப் பார்த்தார். அந்தக் கோயில் ஐயர் அவர் கையைப் பிடித்து உட்கார வைத்து, ஒரு பாட்டை இரண்டு தரம் பாட வைத்து நேரத்தைக் கடத்திக்கொண்டிருந்தாராம். கல்யாணம் நடந்தது. பந்தியில் எனக்கு இலை போட்டார்கள். பாயசம் மட்டும் என் இலைக்கு வரவில்லை.

6

கல்யாணச் சந்தடி அடங்கியதும் நாகப்பா மேஸ்திரி பெங்களூரிலிருந்து ஓஸ் வாங்கி வந்தார். அதற்குள் எல்லோரும் ஓசூர் திரும்பியிருந்தார்கள். மைத்துனர் உட்பட எல்லோரும் வேடிக்கை பார்க்க நின்றார்கள். பழையதைக் கழற்றும் முன் ஒருதரம் பலமாக மிதித்துக் காட்டுங்கள் என்று சாலமோனைக் கேட்டேன். மிதித்தார். வண்டிக்குக் கீழே ‘டப்’ என்று சின்னச் சத்தம். பெடல் பலகையோடு போய் ஒட்டிக்கொண்டது. எண்ணெய் மண்ணில் கோலம் போட்டது.

யாராவது ஒரு வார்த்தை சொல்வார்கள் என்று நின்றேன். மைத்துனர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார்.

“அன்னைக்கே ஓட்டிக்கினு போயிருந்தா தாங்கியிருக்கும். இத்தன நாளு நிறுத்தி வெச்சதுலதான் வீணாப் போச்சு.”

நான் இதைக் கற்பனையாக எழுதவில்லை. அப்படியே சொன்னார். மேஸ்திரி, “ஆமாங்க, இருக்கும்” என்றார். இருவரும் காபி சாப்பிடப் போனார்கள். இப்போது நீங்களே சொல்லுங்கள். அன்றைக்கு நான் ரோட்டாரைக் கொடுத்து, வண்டி மேலுமலைப் பள்ளத்தில் கிடந்திருந்தால், ‘அவள் அப்பவே சொன்னாள்’ என்று ஊரே சொல்லி அழுதிருக்கும். யாரும் சாகாததால் நான் பைத்தியக்காரி ஆனேன். நடக்காத விபத்துக்குச் சாட்சி யார்?

ஓஸ்கள், எண்ணெய், டயர்கள், சக்கர கிரீஸ் எல்லாம் ஒரு வாரம் பக்கத்தில் நின்று செய்து வாங்கினேன். எங்கள் விடுமுறை முடிய இருந்தது. கிரேஸிடம் சொல்லிக்கொள்ள மூவரும் வண்டியில் கிருஷ்ணகிரிக்குப் புறப்பட்டோம். சாலமோன் அத்தனை நாளும் என்னிடம் சாப்பாட்டுக்கு மட்டும் பேசிக்கொண்டிருந்தார்.

மேலுமலையில் பாதி இறங்கி ஒரு திருப்பத்தில் திரும்பினால், ரோடு முழுக்க ஆடுகள். கருப்பும் வெள்ளையுமாக ஒரு மந்தை. நடுவில் ஒரு பெண், ஒரு குட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு. கியரில் அடங்குகிற தூரம் இல்லை. சாலமோன் பிரேக்கில் ஏறி நின்றார். உள்ளே பாத்திரங்களெல்லாம் உருண்டன. ஸ்டெல்லா என் மேல் வந்து விழுந்தாள். வண்டி முனகிக்கொண்டே போய், முதல் ஆட்டின் மூக்குக்கு முன்னால் நின்றது. அது முகப்பு விளக்கை ஒருதரம் முகர்ந்து பார்த்தது.

அந்தப் பெண் தெலுங்கில் எங்களைத் திட்டத் தொடங்கினாள். “கள்ளு லேவா? கள்ளு லேவா?”

“அவங்க ஏம்மா கள்ளு கேக்கிறாங்க?” என்றாள் ஸ்டெல்லா.

“கள்ளு இல்லடி. கண்ணு இல்லையான்னு கேக்கறா.”

சாலமோன் எழுந்திருக்கவில்லை. இரண்டு கால்களும் பெடலை அழுத்தியபடியே இருந்தன. எடுக்க முடியவில்லை போலிருந்தது. “அன்னைக்கு இந்தத் திருப்பத்துல ஓஸ் போயிருந்தா…” என்று ஆரம்பித்தார். நான் கையைக் காட்டி நிறுத்தினேன். அதை அவர் அந்த முற்றத்தில் சொல்லியிருக்க வேண்டும். ஆடுகளிடம் சொல்லி என்ன பிரயோசனம்? ஆனாலும் அவர் முழங்காலின் மேல் கொஞ்ச நேரம் என் கையை வைத்திருந்தேன்.

பிறகு நான்தான் கீழே இறங்கினேன். அந்தப் பெண்ணுக்குக் கோபம் தணியவில்லை. எங்கள் வண்டியை, அதன் பச்சை நிறத்தை, புறாக்களை, எங்கள் பரம்பரையை எல்லாம் திட்டினாள். எனக்கு அரைகுறையாகத்தான் புரிந்தது. கேட்டுக்கொண்டு நின்றேன். திட்டிக்கொண்டே அவள் கோலை நீட்டி ஆடுகளை ஒவ்வொன்றாக எண்ணினாள். நடுவில் விட்டுப்போய் முதலிலிருந்து எண்ணினாள். இடுப்பிலிருந்த குட்டியைக் கடைசியில் சேர்த்துக்கொண்டாள்.

எல்லாம் இருந்தன.